மனோசக்திக்குத் தனியொரு வகுப்பு வேண்டுமா?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, காகிதம், பென்சில், பல முகத் தாயக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு ஆடும் கற்பனைப் பாத்திர ஆட்டங்களுள் விற்பனைக்கு வந்த முதலாவது டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். அமெரிக்கர்களான கரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இவ்வாட்டம் 1974 இல் வெளிவந்தது. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பார். போர்வீரன், மந்திரவாதி, பூசகர், திருடன் எனப் பாத்திரங்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கதையை நகர்த்துவதற்கு ஒரு நடத்துநர் இருப்பார்.

பிறர் எண்ணத்தை அறிதல், தொடாமலே பொருளை அசைத்தல் முதலான மனோசக்திகளுக்கு இவ்வாட்டத்தில் தனி வகுப்பு வேண்டுமா, மந்திரத்தின் ஒரு கிளையாக அவற்றை விட்டுவிடலாமா என்பது பல பதிற்றாண்டுகளாகத் தீராத வழக்கு. வேண்டும் என்பதே எனது கட்சி. ஆயினும் அதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

எதிர்த்தரப்பினரின் முதல் வாதம், மனோசக்தி என்பது அறிவியல் புனைகதையின் சரக்கு என்பதாகும். இது முற்றிலும் பொய்யல்ல. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. பி. ரைன் புலன்கடந்த உணர்வு பற்றிய தமது நூலை 1934 இல் வெளியிட்டார். 'சயோனிக்ஸ்' என்ற சொல்லை 1950களில் பரப்பியவர் அமெரிக்க அறிவியல் புனைகதைச் சஞ்சிகையாசிரியர் ஜோன் காம்பெல். வாளும் டிராகனும் உலவும் உலகில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டம் எக்காலத்திலும் தூய்மையாக இருந்ததில்லை. மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனனஞ் செய்து, ஒருமுறை பிரயோகித்ததும் மறந்துவிடுவான் என்ற அதன் புகழ்பெற்ற விதியே, ஜக் வான்ஸ் 1950 இல் வெளியிட்ட 'த டையிங் ஏர்த்' நூலிலிருந்து பெறப்பட்டது. அந்நூலின் களமோ சூரியன் அணையுந் தறுவாயிலுள்ள தொலை எதிர்காலப் பூமி! தவிரவும், மந்திரவாதி வேறு, சித்தர் வேறு என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் கனமானது. மனோசக்தி ஆட்டத்தைக் குழப்புகிறது என்கிறார்கள். வரலாறு அவர்களுக்குச் சாட்சி சொல்கிறது. 1976 இல் வெளிவந்த 'எல்ட்ரிச் விசார்ட்ரி' என்ற துணைநூலிலேயே இச்சக்திகள் முதன்முதலாக நுழைந்தன. 1978 இன் ஆட்டக்காரர் கைநூல் அவற்றைப் பின்னிணைப்பில் வைத்தது. அறிவு, விவேகம், கவர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றிலேனும் 16 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி பெற்றவர் தாயம் உருட்டலாம். மிக அரிதாக அதிர்ஷ்டம் வாய்த்தால் சக்தி கிடைக்கும். உழைப்போ விலையோ இல்லாத லொத்தர் சீட்டு! வென்றவருக்கு வகுப்பின் ஆற்றலுக்கு மேலாக இன்னோர் ஆற்றல். மனோயுத்தத்துக்கோ வேறான அட்டவணைகள். மேசையிலுள்ள ஏனையோர் பார்வையாளர். இவ்வளவு குழப்பமும் அச்சக்திக்குத் தனி வகுப்பு இல்லாமையால் விளைந்தது என்பதைத்தான் எதிர்த்தரப்பினர் கவனிப்பதில்லை.

1991 இல் தனி நூலும் தனி வகுப்பும் வந்தன. அதே ஆண்டில் 'டார்க் சன்' என்ற பாலை உலகமும் வெளிவந்தது. அங்கே மந்திரம் பயிர்களின் உயிரை உறிஞ்சி மண்ணைப் பாழாக்கும். ஆகவே மந்திரவாதியைக் கண்டால் மக்கள் வெறுப்பர். மனோசக்தியோ ஏறக்குறைய எல்லோரிடமும் சிறிதளவேனும் உண்டு. அவ்வுலகில் தனி வகுப்பின் தேவையை எவரும் கேள்விக்குட்படுத்தவில்லை.

எனது வாதத்தின் மையம் இதுதான். வகுப்பு என்பது ஆற்றல்களின் பட்டியலன்று. அப்பாத்திரம் எவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதற்கான விடை. மந்திரவாதி தன் ஏட்டுக்குக் கடன்பட்டவன். அது தொலைந்தால் முடமாவான். பூசகர் தெய்வத்துக்கும், 'வார்லொக்' தான் ஒப்பந்தஞ் செய்துகொண்ட அமானுடச் சக்திக்கும், 'சோர்சரர்' தன் பிறப்புக்கும் கடன்பட்டவர்கள். ஏடும் தெய்வமும் எசமானும் பரம்பரையும் இன்றித் தன் மனத்தை மட்டுமே பயிற்றி எழுந்தவனுக்கு இவ்வரிசையில் இடமில்லை. சிறையிடப்பட்டு, வாய் கட்டப்பட்டு, உடைமைகள் யாவும் பறிக்கப்பட்ட பின்னரும் அவனிடமிருந்து எதையும் பறிக்க முடியாது. இத்தகையவனாக ஆட விரும்பும் ஒருவருக்கு, மந்திரவாதியை எடுத்து வேறு நிறம் பூசிக்கொள் என்று சொல்வது சரியான பதிலாகாது.

எண்ணத்தை அறிபவன் கதையின் மர்மங்களை உடைத்துவிடுவான் என்ற அச்சம் நடத்துநர்களிடம் உண்டு. (செவ்வி காணச் செல்லும் பத்திரிகையாளனுக்கு இவ்வாற்றல் வாய்த்திருந்தால் எத்தனையோ அமைச்சர்கள் வாய் திறக்க வேண்டியே இருந்திராது.) ஆனால் எண்ணத்தை அறியும் மந்திரம் மந்திரவாதியின் இரண்டாம் படியிலேயே இருக்கிறது. 2014 இன் விதிப்படி மேலெழுந்த எண்ணங்கள் மட்டுமே அதற்குப் புலப்படும். ஆழத் துருவினால் எதிராளி அதை அறிந்துகொள்வான். இந்த வரம்பை மனோசக்தியாளனுக்கும் இட்டால் போதும். மந்திரத்தைத் தடுப்பது மனோசக்தியையும் தடுக்க வேண்டும் என்ற 2004 நூலின் பொது விதியும் நியாயமானதே. கடனற்றவன் என்பதற்காகத் தடையற்றவனாக இருக்கக்கூடாது.

2017 இல் பரீட்சார்த்தமாக வெளியிடப்பட்ட 'மிஸ்டிக்' வகுப்பு தவறியது இவ்விடத்தில்தான். அடிக்கவும் குணப்படுத்தவும் ஒளியவும் என எல்லா வேலைகளையும் ஒருவனிடமே கொடுத்தார்கள். பிற ஆட்டக்காரருக்கு மேசையில் என்ன வேலை? அதைக் கைவிட்டது சரி. ஆனால் 2020 இல் வெளிவந்த நூல் மனோசக்தியைப் போர்வீரன், திருடன், சோர்சரர் ஆகியோரின் உட்பிரிவுகளாகப் பங்கிட்டுக் கொடுத்தது. அவை நன்றாக ஆடக்கூடியவையே. எனினும் போர்வீரன் அங்கே முதலிற் போர்வீரன்தான். மனம் அவனுக்கு மேலதிக ஆயுதம்.

2025 இல் 'சயோன்' என்ற பெயரில் மீண்டுமொரு பரீட்சார்த்த வகுப்பு வெளியிடப்பட்டது. அதற்கென மனோசக்தித் தாயங்கள் தரப்பட்டிருந்தன, அது வரவேற்கத்தக்கது. ஆயினும் அதன் பெரும்பகுதி, மந்திரவாதியின் அதே மந்திரப் பட்டியல் முறையிலும் அதே நாளாந்தக் கணக்கிலுமே அமைந்திருந்தது. பெயர்ப்பலகையைத் தந்துவிட்டு, கடையை மந்திரவாதியிடமே வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.