கையெழுத்துக்கு முன்னால் திரும்பி வந்தவன் கோழை இல்லை

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் தம்பி ஒருவன் அக்னிவீர் தேர்வில் தேறினான். எழுத்துத் தேர்வு, 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. பயிற்சிக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது வந்து, "அண்ணா, நான் போகல" என்றான்.

அதற்குள் அவன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பேருந்து நிறுத்தத்தில் ஏறியிருந்தது. கோச்சிங்குக்காக அவன் அம்மா குழுவில் கடன் வாங்கியிருந்தார். அகாடமிக்காரர் அசல் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப விலகினா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். அவன் மாமா சொன்னதுதான் எங்களை அசைத்தது: "நம்ம தெருப் பையன் படம் ஊர் பஸ் ஸ்டாப்புல கிழியாம நிக்கிறது இதான் மொத தடவ. அத நீயே கிழிக்கப் போறியா?"

கிண்டல் செய்தவர்களில் நம் தோழர்களும் உண்டு. "பயந்துட்டான்" என்றார்கள். அவர்களுக்காகவும், இதே இடத்தில் நிற்கும் வேறு தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் அவன் ஏன் மனம் மாறினான் என்று பார்ப்போம். அவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள். 2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு அறிவித்த அக்னிபத் திட்டத்தின் விதிகளை அவன் தேர்வில் தேறிய பிறகுதான் முழுதாகப் படித்தான். வேலை நான்கு ஆண்டு. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 பிடித்தம் போகக் கையில் 21,000. நான்காம் ஆண்டு 40,000, கையில் 28,000. பிடித்த பணத்தோடு அரசும் அதே அளவு சேர்த்து, முடிவில் வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் தருகிறது. பென்ஷன் இல்லை. பணிக்கொடை இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஒரு அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு. அப்போது அவனுக்கு வயது 23 இருக்கும், கையில் பாதியில் விட்ட பட்டம் இருக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவனை நாம் பயந்தவன் என்கிறோம்!

"அம்பேத்கரே ராணுவத்தில் சேரச் சொன்னார், நீங்கள் என்ன பேசுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அண்ணல் பிறந்ததே மவ் ராணுவக் குடியிருப்பில். அவர் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் பாடம் நடத்தியவர். ஊரில் கிணற்றைத் தொடவிடாத காலத்தில் ராணுவம் மகார்களுக்கு எழுத்தறிவையும் பென்ஷனையும் கொடுத்தது. 1941இல் பெல்காமில் மகார் ரெஜிமென்ட் உருவானதன் பின்னால் அண்ணலின் வாதாட்டம் இருந்தது. இதையெல்லாம் நாம் பெருமையோடுதான் சொல்கிறோம்.

ஆனால் வரலாற்றை அரைகுறையாகப் படிக்கக்கூடாது. 1818 ஜனவரி 1 கோரேகானில் மகார் வீரர்கள் நின்று போரிட்டார்கள். அதே மகார்களை 1890களின் தொடக்கத்தில் "போர்க்குடி இல்லை" என்று சொல்லிச் சேர்க்காமல் நிறுத்தினார்கள். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டது, 1917இல் மகார் படை வந்தது. போர் முடிந்தது, 1921இல் கலைந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் வந்தது, 1946இல் அதுவும் கலைந்தது. நம் பக்கம் மதராஸ் ராணுவத்தில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் தென்னாட்டுச் சிப்பாயை இளக்காரமாகப் பார்த்த பிறகு அந்தக் கதவும் குறுகியது. தேவைப்படும்போது கூப்பிடுவது, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவது. அண்ணல் எதிர்த்தது இதைத்தான். அவர் கேட்டது நிலையான இடம், ஓய்வூதியம், மரியாதை. நான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்கு அவர் பெயரைச் சாட்சிக் கையெழுத்தாகப் போடாதீர்கள்.

இன்னொன்று. ராணுவ ஆள்சேர்ப்பில் பட்டியல் சாதிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ஆனால் விண்ணப்பத்தோடு சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரிலிருந்து மட்டும் ஆள் எடுப்பதாக 2013இல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. "சீருடை போட்டால் சாதி போய்விடும்" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சரி, போலீஸ் கேஸ் கதைக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். பிரிவு 13 படி, சேர்க்கை அதிகாரி பணி நிபந்தனைகளை உங்களுக்குப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். பிரிவு 14 படி, நீங்கள் அவற்றுக்குச் சம்மதிக்கிறீர்கள் என்று அவர் திருப்தியடைந்த பிறகுதான் சேர்க்கைப் படிவத்தில் இருவரும் கையெழுத்திடுகிறீர்கள். அந்தக் கையெழுத்தோடுதான் நீங்கள் சேர்ந்தவர் ஆகிறீர்கள். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்ததாலோ, கால் லெட்டர் வந்ததாலோ, ஃப்ளெக்ஸ் ஏறியதாலோ யாரும் சிப்பாய் ஆவதில்லை. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். சம்மதம் கேட்கிற சட்டத்தில் சம்மதிக்காமல் இருக்கவும் இடம் இருக்கிறது.

கையெழுத்துக்குப் பிறகு நிலைமை வேறு, இதையும் மறைக்காமல் சொல்கிறோம். அனுமதியின்றி வராமல் இருப்பது பிரிவு 39இல் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. படையை விட்டு ஓடுவது பிரிவு 38. தண்டனை அதைவிடக் கடுமை. சொந்த விருப்பத்தில் விலக அக்னிவீருக்கு மிக அரிதான சூழலில் மட்டுமே அனுமதி. அப்படி விலகினால் அரசின் பங்குத் தொகையும் கிடைக்காது. ஆகவே பயிற்சி முகாமிலிருந்து சுவர் ஏறிக் குதித்து வராதீர்கள். எழுத்தில் விடுவிப்புக் கேளுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். மனம் மாறுவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்னாலேயே மாறிவிடுவது நல்லது.

அமெரிக்காவில் ஒப்பந்தம் போட்டவர்கள் பயிற்சிக்குக் கிளம்பும் வரை, ஓராண்டு வரைகூட, வீட்டில் காத்திருக்கும் திட்டம் உண்டு. அந்த இடைக்காலத்தில் விலகுவதாக எழுதிக் கொடுத்தால் விடுவிக்கிறார்கள். ஆனால் ஆள் சேர்ப்பவர்கள் "கைது செய்வோம்" என்று மிரட்டுவதாக அங்கும் பழைய புகார் இருக்கிறது. கறுப்பின இளைஞர்களும் ஏழைகளும் படிக்கும் பள்ளிகளில் போர் எதிர்ப்புத் தோழர்கள் துண்டறிக்கை கொடுத்து உண்மையைச் சொல்கிறார்கள். இங்கே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

எங்கள் தம்பி விஷயத்தில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு "சேர விருப்பமில்லை" என்று நான்கு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நகலும் ரசீதும் பத்திரமாக இருக்கின்றன. நான்கு பேராகப் போய் அகாடமியில் நின்றோம். அசல் சான்றிதழ் படித்தவனுக்குச் சொந்தம், அதை அடகுப் பொருளாக வைக்க எந்தப் பயிற்சி மையத்துக்கும் உரிமை இல்லை என்று சொன்னோம். அரை மணி நேரம் சத்தம் போட்டார்கள், பிறகு கொடுத்தார்கள். குழுக் கடன் மட்டும் இன்னும் பாக்கி. அதை அடைக்க அவன் வார இறுதியில் வேலைக்குப் போகிறான், மற்ற நாள் கல்லூரிக்குப் போகிறான்.

பட்டாளத்துக்குப் போகாதே என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்து, விரும்பிப் போகிறவருக்கு எங்கள் வாழ்த்து. எங்கள் கோரிக்கைகள் எளிமையானவை. நான்கு ஆண்டு நிபந்தனைகளையும், கையெழுத்துக்கு முன் விலகலாம் என்பதையும் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கால் லெட்டரோடும் அனுப்ப வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைக்கும் அகாடமிகள் மீது மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். மாணவர் தோழர்களே, உங்கள் விடுதியில் யாராவது இந்த முடிவில் தவித்தால் கிண்டல் செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

மாமாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. நம் பிள்ளையின் படம் ஊர் நடுவில் கிழியாமல் நிற்க அவன் நான்கு ஆண்டு உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்றால், கோளாறு அந்த ஊரில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. பத்தொன்பது வயதுப் பையன் தலையில் மட்டும் அதை ஏற்றாதீர்கள். அவன் பட்டம் வாங்கும் நாளில் அதே பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டுவோம். கிழிக்க வருகிறவர்களை அப்போது பார்த்துக்கொள்வோம்.

ஜெய் பீம்.