வகுப்பறையில் நடப்பவர்களின் கணக்கு



ஃப்ரீமன் ஹ்ரபோஸ்கியின் 2013 டெட் உரை எங்கட குழுவில் மூன்றாவது தடவையாகச் சுற்றுது. அந்த மனிதரைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம், அதை முதலே சொல்லிவிடுகிறேன். 1963இல், 12 வயதில், பர்மிங்ஹாமில் சிறுவர் ஊர்வலத்தில் நடந்து ஐந்து நாள் சிறையில் இருந்தவர். 24 வயதில் கலாநிதிப் பட்டம். 1992இலிருந்து 2022 வரை, முப்பது வருடம், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்துக்குத் தலைவர். அங்கே 1988இல் அவர் தொடங்கிவைத்த மேயர்ஹாஃப் திட்டத்தில் படித்து வந்தவர்களில் ஒருவர்தான், பிறகு மொடேர்னா தடுப்பூசி ஆய்வில் முன்னுக்கு நின்ற கிஸ்மேகியா கார்பெட்.

முதல் நாளே "பக்கத்தில இருக்கிறவரைப் பார், உங்களில ஒருத்தர் தேறமாட்டார்" என்று பிள்ளைகளை மிரட்டும் பழக்கத்தை அவர் எதிர்த்தார். 2005இல் அவருடைய வளாகம் முதலாண்டு இரசாயனவியலை மாற்றியது. விரிவுரையைக் கேட்டுக்கொண்டு இருப்பதற்குப் பதில், சிறு குழுக்களாக இருந்து, ஆளுக்கொரு பொறுப்போடு கணக்குச் செய்வது. இது வெறும் ஃபேஷன் இல்லை. 2014இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்: வெறும் விரிவுரையில் 100க்கு 34 பேரளவில் சித்தியடையவில்லை, செயல்வழிக் கற்றலில் 22 பேரளவில். அந்தப் பன்னிரண்டு பேர் பெரும்பாலும் யாருடைய வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்கு ஆரும் விளக்கத் தேவையில்லை.

சரி, அப்ப எனக்கு என்ன பிரச்சினை?

300 பேருக்கு விரிவுரை செய்ய ஒரு பேராசிரியரும் ஒரு மைக்கும் போதும். அதே 300 பேரை நாலு நாலு பேராக இருத்தினால் 75 மேசை. அந்த மேசைகளைச் சுற்றி நடப்பது யார்? பிழையான சமன்பாட்டுக்கு முன்னால் குனிந்து "இதை ஏன் இப்பிடி எழுதினீங்கள்?" என்று கேட்பது யார்? டீஏமார். ஹ்ரபோஸ்கி பற்றி எழுதப்படும் புகழுரைகளில் அவர்கள் வருவதே இல்லை. எல்லாம் ஒரு தலைவரின் கவர்ச்சியால் நடந்தது போல இருக்கும்.

மேரிலாண்டில் இது இன்னும் மோசம். 2001இல் அரச பல்கலைக்கழக ஊழியர்களுக்குக் கூட்டுப் பேரம் பேசும் உரிமை கிடைத்தபோது, பட்டதாரி உதவியாளர்களையும் ஆசிரியர்களையும் வெளியே விட்டார்கள். அதை மாற்றச் சட்டமூலங்கள் அனாபொலிசுக்குத் திரும்பத் திரும்பப் போயின. பல்கலைக்கழக அமைப்பு, இந்த வளாகமும் சேர்ந்த அதே அமைப்பு, எதிராக நின்றது. அவர்கள் முதலில் மாணவர்களாம், பிறகுதான் வேலையாட்களாம். 2022இல் ஹ்ரபோஸ்கி ஓய்வுபெறும்போதும் அந்த உரிமை வரவில்லை.

அவருக்குக் கெட்ட மனசு என்று நான் எழுதவில்லை. தலைவர் கதிரை எந்தப் பக்கம் போட்டிருக்கு என்பதுதான் விஷயம். பர்மிங்ஹாமில் அந்தப் பிள்ளைகள் தனித்தனியாக மனுக் கொடுக்கவில்லை, சேர்ந்து போய்ச் சிறையை நிரப்பினார்கள். அதைவிடப் பெரிய செயல்வழிக் கற்றல் எது? பல்கலைக்கழகம் தன் சொந்த டீஏமாருக்கு அந்தப் பாடத்தை மட்டும் அனுமதிக்காது.

நானும் டீஏ. ஒப்பந்தத்தில் கிழமைக்கு பத்து மணித்தியாலம். போன செமஸ்டரில் பாடத்தைக் குழுமுறைக்கு மாற்றினார்கள், மணித்தியாலத்தை மாற்றவில்லை. எங்களுக்கு இங்கே யூனியன் இருப்பதால் முறைப்பாடு எழுதினோம், தயாரிப்பு நேரத்துக்கும் காசு வந்தது. மேரிலாண்டில் 2022இல் கூட அதே முறைப்பாட்டைக் கூட்டுப் பேர ஒப்பந்தத்தின் கீழ் எழுத வழி இருக்கவில்லை. 

அடுத்த மாதம் எங்கட கம்பஸில் செயல்வழிக் கற்றல் பற்றி ஒரு டீன் பேச வாறார். நாங்கள் நாலு பேர் போகிறோம். கேட்கப்போவது, எத்தனை மேசைக்கு எத்தனை டீஏ, அந்த மணித்தியாலங்களை ஆர் எண்ணுவது என்பதுதான். வரக்கூடியவர்கள் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, சேர்ந்து போவம்.