வண்டியை ஏற்றும் வண்டி! மலிவைப் பார்க்காதீர்கள், உயிரைப் பாருங்கள்

சென்னிமலைக்கும் வண்டிக்கும் பழைய உறவு உண்டு.

1984-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, முருகன் கோவில் மலையின் 1,320 படிகள் வழியாக இரட்டை மாட்டு வண்டி மேலே ஏறியது. ஊரார் அதை இன்றும் பெருமையோடு சொல்லுகிறார்கள்.

காலம் மாறி விட்டது. மாட்டு வண்டி குறைந்து விட்டது. மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் பெருகி விட்டன. நெசவாளி நூல் கட்டை ஏற்றி வருவது அதில்தான். நெய்த பெட்ஷீட் மூட்டையைச் சங்கத்துக்குக் கொண்டு போவதும் அதில்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போவதும், அம்மா சந்தைக்குப் போவதும் அதில்தான்.

அந்த வண்டி நடு ரோட்டில் நின்று விட்டால்? அல்லது மகனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து, வண்டியை அங்கே அனுப்ப வேண்டியிருந்தால்?

அப்போது நம்மை ஏற்றிச் செல்லும் வண்டியை, இன்னொரு வண்டி ஏற்றிச் செல்ல வேண்டும். அதற்காக இப்போது சிலர் டிரெய்லர் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். டிரெய்லர் என்றால் எஞ்சின் இல்லாத இழுவை வண்டி. காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் பூட்டி இழுப்பது.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் மலிவாக வாங்கக் கூடாது. இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்லுகிறேன்.

கயிறு வேண்டாம்!

முதலில், இன்று நடப்பதைப் பாருங்கள்.

"என்னங்கண்ணா, வண்டி நின்னு போச்சுங்களா? கயித்தைக் கட்டுங்க, இழுத்துட்டுப் போயிரலாம்!"

உதவி செய்யும் நல்ல மனம்தான். ஆனால் இது அபாயமான உதவி.

முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைத்தால் கயிறு தொய்கிறது. மறுபடி வேகம் கூட்டினால் வெடுக்கென்று சுண்டுகிறது. அந்த ஒரு சுண்டில் பின் வண்டியின் ஹாண்டில் திரும்பி விடும். தொய்ந்த கயிறு சக்கரத்தில் சிக்கிக் கொள்ளும். விழுகிறவர் எழுந்திருப்பதற்குள் பின்னால் பஸ் வந்து விடும்.

இன்னொரு வழக்கம், ஓடும் வண்டியில் இருந்தபடியே ஒரு காலை நீட்டி, பழுதான வண்டியைத் தள்ளிக் கொண்டு போவது. இரண்டு வண்டி, இரண்டு உயிர், நடுவே ஒரு கால்! ஒருவர் தடுமாறினால் இருவருமே தரையில்.

வேறு சிலர், சரக்கு ஆட்டோவில் மோட்டார் சைக்கிளைப் படுக்கப் போட்டு ஏற்றுகிறார்கள். படுத்த வண்டியில் பெட்ரோல் கசியும். பக்கத்தில் ஒருவர் பீடி பற்ற வைத்தால் என்ன ஆகும்?

ஆகவே, வண்டியை இழுக்காதீர்கள். ஏற்றுங்கள். படுக்க வைக்காதீர்கள். நிறுத்திக் கட்டுங்கள்.

யாருக்கு வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வண்டியை வெளியூர் அனுப்புகிற குடும்பத்துக்கு டிரெய்லர் தேவையே இல்லை. ரயிலில் பார்சலாக அனுப்பலாம். பெட்ரோலை முழுவதும் வடித்து விட வேண்டும். வண்டியின் பதிவுச் சான்று நகல் வேண்டும். சாக்கும் வைக்கோலும் வைத்து நன்றாகக் கட்ட வேண்டும். ரோடு வழியாக அனுப்ப விரும்பினால், சிறிய சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நடைக்கு வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். டிரெய்லர் விலை 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 100 நடை போனால்தான் போட்ட பணம் திரும்பும். அதற்கு மேல் டயர் இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, பழுது பார்க்கும் செலவு இருக்கிறது. இழுக்க ஒரு காரோ ஜீப்போ வேறு வேண்டும். கடன் வாங்கினால் வட்டியும் சேரும். தறியில் உட்கார்ந்து சேர்த்த பணத்தை, வாசலில் துருப்பிடிக்க நிறுத்தி வைக்கலாமா?

ஆனால் பழுது பார்க்கும் பட்டறைக்காரர் கதை வேறு. வாரத்துக்கு நாலு வண்டி பழுதாகி வழியில் நிற்கிறது, அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு டிரெய்லர் ஒரு தொழில் கருவி.

பந்தயத்தில் ஓட்டுகிற வாலிபர்களுக்கும் தேவை உண்டு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் பந்தயத் திடல் இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயரால் அமைந்த திடல் அது. பந்தயத்துக்கென்று விளக்கைக் கழற்றி, டயரை மாற்றிய வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டிப் போகக் கூடாது. ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

கொங்கு நாட்டு வாலிபர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை இன்று வந்ததல்ல. ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது, ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார்! எந்த வண்டியையும் வாங்குமுன் அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய வேண்டும். அந்தப் புத்தி நமக்கும் வேண்டும்.

வண்டிக்காரர் சொன்ன பாடம்

டிரெய்லரைப் பற்றி அறிய வெளிநாட்டுப் புத்தகம் தேடிப் போக வேண்டாம். காங்கேயம் காளை பூட்டி வண்டி ஓட்டிய பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருப்பார். அவரைக் கேளுங்கள். "முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏத்தோணும்" என்பார்.

பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். இரண்டும் கூடாது. கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும்.

டிரெய்லருக்கும் இதே விதிதான். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, காரோடு பூட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். மொத்தம் 600 கிலோ என்றால் கொக்கியில் 60 கிலோ. பின்பாரமாக ஏற்றினால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல நெளியும். பிறகு காரையும் சேர்த்துப் புரட்டி விடும். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறையும். ஸ்டீரிங் சொன்னபடி கேட்காது.

ஒருவேளை நெளிய ஆரம்பித்தால்? பதறிப் போய்ப் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். நின்ற பிறகு பாரத்தை மாற்றி ஏற்றுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

எடை: சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 110 கிலோ இருக்கும். புல்லட் ஏறக்குறைய 195 கிலோ. இரண்டு புல்லட் ஏற்றினால் 390 கிலோ. டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டுங்கள். அந்த மொத்தத்தை உங்கள் கார் இழுக்குமா? காரோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். எவ்வளவு இழுக்கலாம் என்று அதில் சொல்லாவிட்டால், அந்தக் காரில் டிரெய்லர் பூட்டாதீர்கள்.

உயரம்: தளம் தாழ்வாக இருக்க வேண்டும். 2 அடி உயரத் தளத்துக்கு 4 அடிப் பலகை சாய்த்தால், அது பாதை அல்ல, சுவர்! வண்டி சரிந்து, தள்ளுகிறவர் மேலேயே விழும். 8 அடிப் பலகை போட்டால் சாய்வு பாதியாகக் குறையும். பலகை நழுவாமல் இருக்க அதற்கும் கொக்கி வேண்டும்.

சக்கரம்: மிகச் சிறிய சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏறாது, வேகமாகச் சுழன்று சீக்கிரம் சூடேறும். நம் ஊர் டயர் கடையில் கிடைக்கிற அளவாக இருக்கட்டும். மாற்றுச் சக்கரம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்பிரிங் பட்டை இல்லாத டிரெய்லர் வேண்டாம். ரோட்டின் ஒவ்வொரு குழியும் ஏற்றிய வண்டியின் மேல் அடியாக விழும்.

பிரேக்: பாரம் ஏறிய டிரெய்லர் இறக்கத்தில் காரைத் தள்ளும். பாரம் கூடக் கூட டிரெய்லருக்கும் சொந்தப் பிரேக் வேண்டும்.

சங்கிலி: மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, டிரெய்லருக்குப் பூட்டும் கொக்கி அப்படி. அது கழன்றால் பாரம் ரோட்டில் தனியே ஓடும். ஆகவே கொக்கியோடு கூட, காருக்கும் டிரெய்லருக்கும் இடையே இரும்புச் சங்கிலியும் வேண்டும்.

நாலு பக்கம் கட்டுங்கள்

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் நிற்க டிரெய்லரில் ஒரு பள்ளமும் தடுப்பும் இருக்க வேண்டும். பட்டையான நாடாக்களால் முன்னே இரண்டு பக்கமும், பின்னே இரண்டு பக்கமும், ஆக நாலு கட்டு. கண்ணாடியிலோ, கிளச் லீவரிலோ, இண்டிகேட்டரிலோ கட்டக் கூடாது. உறுதியான இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டும். முன் போர்க் கொஞ்சம் அமுங்கும்படி இறுக்குங்கள், அடியோடு அமுக்காதீர்கள். சைடு ஸ்டாண்டை நம்பாதீர்கள். பெட்ரோல் குழாய் இருந்தால் மூடி விடுங்கள். முதல் கியரில் போட்டு வையுங்கள். பத்து கிலோ மீட்டர் போனதும் நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிரெய்லர் பூட்டிய காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, காரின் பின்புறம் இடப்பக்கம் போனால் டிரெய்லர் வலப்பக்கம் திரும்பும். காலி மைதானத்தில் பழகிய பிறகே ரோட்டுக்கு வர வேண்டும்.

இருட்டில் ஒரு சிவப்பு வெளிச்சம்

இனி மிக முக்கியமான விஷயம்.

அந்தக் காலத்து வண்டிக்காரர், இரவில் வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கைத் தொங்க விடுவார். மாட்டுக்கு வழி தெரிவதற்காக மட்டுமா? பின்னால் வருகிறவனுக்கு வண்டி தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான்.

இன்று என்ன பார்க்கிறோம்? பெரிய டிராக்டர் டிரெய்லரே பின்னால் ஒரு விளக்கும் இல்லாமல் இரவில் ரோட்டில் நிற்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி மொபெட்டில் வருகிறார். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது. இருட்டில் நிற்கும் இரும்பு, மோதிய பிறகுதான் தெரிகிறது. அவர் வரவை எதிர்பார்த்து வீட்டில் அடுப்பில் சோறு இருக்கிறது!

டிரெய்லர் வாங்கியவர் மட்டும் அதன் அபாயத்தைச் சுமப்பதில்லை. பின்னால் வருகிற முகம் தெரியாத மனிதரும் சுமக்கிறார். ஆகவே பின் விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றும் எரிய வேண்டும். சிவப்பு ஒளிர் பட்டை ஒட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, டிரெய்லர் விலையில் மிகச் சிறியது.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும். அதன் எண் பக்கத்தில் தெரிய வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். "பட்டறையில் சொன்னால் பாதி விலைக்கு அடித்துத் தருவார்கள்" என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பதிவாகாத டிரெய்லர் விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காது. வழக்கும் வாசலுக்கு வரும்.

கூடி வாங்கலாமே!

விலை கூடுகிறதே என்று பட்டறைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி.

அதற்கு விடை சென்னிமலையிலேயே இருக்கிறது. தனித்தனியாக நூல் வாங்கி, தனித்தனியாக விற்று நஷ்டப்பட்ட நெசவாளி, கூட்டுறவுச் சங்கத்தால் அல்லவா தலை நிமிர்ந்தார்? ஐந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு நல்ல டிரெய்லர் வாங்கட்டும். 1 லட்சம் ரூபாயானால் ஆளுக்கு 20,000 ரூபாய். ஐந்து மட்டமான டிரெய்லரை விட, பிரேக்கும் விளக்கும் உள்ள ஒரு டிரெய்லர் மேல். வாடகைக்கு விடுவதானால் அதற்குரிய அனுமதியையும் இன்சூரன்ஸையும் முதலிலேயே வாங்கி விடட்டும்.

ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும். டிரெய்லரில் வண்டி ஏறலாம். ஆள் ஏறக் கூடாது. "நான் பின்னால் உட்கார்ந்து வண்டியைப் பிடித்துக் கொள்கிறேன்" என்று பட்டறைப் பையன் சொன்னால், இறங்கச் சொல்லுங்கள். சரியாகக் கட்டிய வண்டிக்குப் பிடித்துக் கொள்ள ஆள் வேண்டாம். ஆள் பிடித்தால்தான் நிற்கும் என்றால், அந்த வண்டி கிளம்பவே கூடாது.

மோட்டார் சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆனால், அவன் தாய்க்கு யார் பதில் சொல்லுவது?