வலியை விற்கும் வியாபாரம்

உழைத்து முதுகு ஒடிந்தவனுக்கு வலி தீர மருந்து கொடுப்பது மனித தர்மம். அந்த வலியையே சந்தையாக்கிக் கொள்ளையடிப்பது முதலாளித்துவ தர்மம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா நிலக்கரிப் பிரதேசம் இதற்குச் சாட்சி.

சுரங்கத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு வேண்டியது ஓய்வு, நஷ்ட ஈடு, முறையான சிகிச்சை. அவன் கைக்கு வந்ததோ மாத்திரை! அபின் வகையைச் சேர்ந்த ‘ஆக்ஸிகான்டின்’ மாத்திரையை பர்டூ கம்பெனி 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது எளிதில் பழக்கமாகாது என்று வைத்தியர்களிடம் பிரசாரம் செய்தது. அது பொய்ப் பிரசாரம் என்பதை 2007இல் கோர்ட்டில் அக்குழுமமே ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராகப் பிணங்கள் விழுந்துவிட்டன.

சாவு மட்டுமல்ல, உயிரோடிருப்பவரின் உடலும் உள்ளே அரிக்கப்படுகிறது. இம்மருந்துக்குப் பழகிய உடல் பழைய அளவில் அடங்காது. மேலும் மேலும் கேட்கும். ‘வைக்கோடின்’, ‘பெர்கோசெட்’ போன்றவற்றில் அபின் வகை மருந்தோடு பாரசிட்டமாலும் கலந்திருக்கிறது. எனவே மாத்திரை கூடக் கூட, பாரசிட்டமாலும் கூடுகிறது. பெரியவர்களுக்கு அதன் உச்ச வரம்பு நாளைக்கு 4 கிராம். மீறினால் கல்லீரல் அழியும். அமெரிக்காவில் திடீரென்று கல்லீரல் செயலிழப்பதற்கு முதற் காரணமே பாரசிட்டமால்தான். அபின் வகை மருந்தைக் கரைத்து ஊசியில் ஏற்றி, ஒரே ஊசியைப் பலர் பகிரும்போது கல்லீரலைத் தாக்கும் ‘ஹெபடைடிஸ்-சி’ கிருமியும் பரவுகிறது.

சிறுநீரகத்தின் கதையும் இதுவே. மார்பின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அவை உடலிலேயே தேங்கும், மயக்கம் வரும், மூச்சு அடங்கும்.

சர்க்கார் என்ன செய்தது? இக்கலவை மாத்திரைகளில் பாரசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று 2011இல்தான் அறிவித்தது. அதற்கும் கம்பெனிகளுக்கு 3 ஆண்டு அவகாசம்! பர்டூ 2020இல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பத்தார் கம்பெனியிலிருந்து எடுத்த பணம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல். அவர்களில் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. பசிக்கு ரொட்டி திருடியவனுக்கு ஒரு நீதி, ஊரையே கொள்ளையிட்டவனுக்கு வேறு நீதி!

இது தூர தேசத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. டிராமடாலும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை நம் நாட்டிலும் விற்பனையாகிறது. டிராமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனால், மூட்டை சுமப்பவனும் கல் உடைப்பவளும் வலியோடு மறுநாளும் வேலைக்குப் போயாக வேண்டிய நிலையைச் சட்டம் மாற்றிவிடவில்லை.

வலிமருந்தே கூடாது என்பதல்ல நம் வாதம். புற்றுநோயில் துடிக்கும் ஏழைக்கு மார்பின் தாராளமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியம் தீர்மானிக்க வேண்டும். கம்பெனியின் லாபக்கணக்கு தீர்மானிக்கக் கூடாது. நெடுநாள் உட்கொள்வோரின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். அடிபட்ட தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துப் போராடட்டும்!