தானா ஓடும் என்பது பதில் இல்லை

“பேக்கப் எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் சிறு இணைய இதழ், மாணவர் தளம், ஆவணத் திட்டம் நடத்துகிற பலரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: “அது கொண்டெய்னருக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கு. ஒவ்வொரு இரவும் தானா ஓடும்.” இந்தப் பதிலை நாங்கள் ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை. “ஒருத்தரும் பார்க்கிறதில்லை” என்பதைத்தான் இது நாகரிகமாகச் சொல்கிறது.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டுகிற கிரொன், 1970களில் யுனிக்ஸோடு வந்த பழைய வேலையாள். நிமிடத்துக்கு ஒருக்கா முழிச்சு, பட்டியலைப் பார்த்து, நேரம் வந்த வேலையைச் செய்யும். எந்நேரமும் இயங்குகிற ஒரு இயந்திரம், வேலையின் விளைவை மின்னஞ்சலில் அனுப்ப ஒரு வசதி, அதை வாசிக்க ஒரு ஆள் எல்லாம் இருக்கும் என்று நம்பித்தான் அதை எழுதினார்கள். 2013இல் வந்த டொக்கர் பரவலாக்கிய கொண்டெய்னர் வேறு ரகம். ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையானதையும் மட்டும் கட்டிய பெட்டி அது. வேண்டாம் என்றால் எறிந்துவிட்டுப் புதுசாக ஒன்றை எழுப்பலாம். மின்னஞ்சல் வசதி அதற்குள் வழமையாக இருக்காது. ஆக, உள்ளே கிரொன் கத்தினாலும் வெளியில் ஒருத்தருக்கும் கேட்காது.

இதனால் என்ன நடக்கும்? கொண்டெய்னரைத் தொடங்கும்போது தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைச் சூழல் மாறியாகக் கொடுப்பது வழக்கம். ஆனால் டெபியன் வகைக் கொண்டெய்னரில் கிரொன் தான் ஓட்டுகிற வேலைகளுக்கு அந்த மாறிகளைக் கொடுக்காது. கையால் ஓட்டிப் பார்த்தால் ஸ்கிரிப்ட் நல்லா ஓடும். இரவில் கிரொன் ஓட்டினால் கடவுச்சொல் இல்லாமல் தோற்கும். தோற்றாலும், அன்றைய திகதியோடு ஒரு வெறுங்கோப்பு உருவாகிவிடும். போய்ப் பார்க்கிறவருக்கு வரிசையாகத் திகதிகள் தெரியும், மனம் ஆறும். ஸ்கிரிப்டின் கடைசி வரி “7 நாளுக்கு மேற்பட்டதை அழி” என்றிருந்தால், அது மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். ஒன்றரைக் கிழமையில் நல்ல பிரதிகள் எல்லாம் போய், வெறுங்கோப்புகள் மட்டும் மிஞ்சும். கோப்புகளைக் கொண்டெய்னருக்கு வெளியே ஒரு இடத்தோடு இணைக்காமல் விட்டிருந்தாலோ, கொண்டெய்னரை அழிக்கிற அன்றைக்கு அந்த வெறுங்கோப்பும் இருக்காது.

அடுத்தது நேரம். கொண்டெய்னரின் கடிகாரம் வழமையாக யூரிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். “இரவு 2 மணி” என்று எழுதினால் எங்களுக்கு அது காலை 7.30. இதைச் சின்ன விசயம் என்று தட்டிவிட எங்களுக்கு உரிமையில்லை. 1996 மேயில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்தக் காலம் முழுக்கப் பழைய நேரத்திலேயே இருந்தன. அந்தப் பத்து வருடத்து ஆவணம் ஒன்றில் மணி குறித்திருந்தால், “எவருடைய நேரம்?” என்று கேட்பதே வரலாறு படிக்கிறவரின் முதல் வேலை. எங்கட சேர்வரிடம் மட்டும் ஏன் அதைக் கேட்காமல் விடுகிறோம்?

மின்சாரத்தையும் மறக்கேலாது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. குறித்த நேரத்தில் இயந்திரம் நின்றிருந்தால், வழமையான கிரொன் தவறிய வேலையைப் பிறகு செய்யாது. அடுத்த இரவு வரும்வரை சும்மா இருக்கும்.

“நாங்கள் ஆர்ட்ஸ் பக்கம், இதெல்லாம் ஐரி பெடியன் பாத்துக்கொள்ளுவான்” என்பார்கள். அந்தப் பெடியனுக்கு விசா வந்தால்? பரீட்சை வந்தால்? ஒரு கிரொன் வரியில் இருப்பது நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை நாள் என்ற ஐந்து இடங்களும் ஒரு கட்டளையும்தான். சங்கப் பாடலுக்கு உரை பார்க்கிறவர்களுக்கு இது வாசிக்க முடியாத பிரதி இல்லை. ஆர் எழுதினது, எப்ப எழுதினது, எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்று கேட்கத்தானே எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். 1981இல் யாழ் நூலகத்தோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன என்று ஒவ்வொரு ஜூனிலும் எழுதுகிற நாங்கள், இன்றைய எழுத்தின் பிரதி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது வெட்கம்.

தானியக்கம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மனிசர் மறப்பினம், அதுக்குத்தான் இயந்திரம். ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும். நேர அட்டவணையைக் கொண்டெய்னருக்கு வெளியே, சேர்வரில் வையுங்கள். கொண்டெய்னர் எழும்பி, வேலையை முடித்து, வென்றதா தோற்றதா என்று சொல்லிவிட்டு நிற்கட்டும். நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று வெளிப்படையாக எழுதுங்கள். லொக்கை ஆட்கள் பார்க்கிற இடத்துக்குக் கொண்டு வாருங்கள். வெற்றிச் செய்தி ஒரு நாள் வராவிட்டால், அதையே அபாய மணியாக எடுங்கள். பிரதியில் ஒன்றை வேறொரு இடத்தில் வையுங்கள். இதெல்லாம் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும்.

மாதத்துக்கு ஒருக்காவாவது ஒரு பிரதியைத் திறந்து, அதிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை பேக்கப் என்று சொல்லாதீர்கள்.