கட்சி இல்லையாம்! யாருக்கு இல்லை?

"கிராமத்தில் கட்சி வேண்டாம், கட்சி வந்தால் ஊர் ஒற்றுமை குலையும்" என்று உபதேசிக்கும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டமும் அவர்கள் பக்கமே நிற்கிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் கட்சிச் சின்னத்தில் போட்டியிடலாம். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு மட்டும் கூடாது.

எந்த ஒற்றுமை என்று நாம் கேட்கிறோம். நிலம் ஒருவனிடம், வெறுங்கை நூறு பேரிடம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். இந்தப் பிளவை உண்டாக்கியது எந்தக் கட்சி?

மதுரை மாவட்டம் மேலவளவில் 1996ல் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் தேர்தல் நடந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு வந்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று சாதி வெறியர்கள் வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்தாண்டு காலம் ஒதுக்கீட்டுத் தலைவர் எவரையும் நாற்காலியில் நிலைக்க விடவில்லை. தலைவர் பதவியை ஏலம் விட்ட ஊர்களும் உண்டு.

இங்கெல்லாம் கட்சிச் சின்னம் இல்லை. சாதியும் பணமும் இருந்தன. அவைதான் பண்ணையாரின் கட்சி! அதற்குப் பெயர்ப்பலகை தேவையில்லை.

ஆலைத் தோழருக்கு இது புதிதல்ல. "சங்கம் எதற்கு? குறை இருந்தால் தனியாக வந்து சொல்" என்று முதலாளி பாடுவதும் இதே பாட்டுத்தான். உழைப்பாளிக்கு அமைப்பைத் தவிர வேறு பலம் ஏது?

"கட்சித் தேர்தலில் பணம் விளையாடவில்லையா? கட்சி தாவவில்லையா?" என்பார்கள். விளையாடுகிறது, தாவுகிறார்கள். ஆயினும் கட்சிக்குக் கொடி உண்டு, வேலைத்திட்டம் உண்டு. "சொன்னதைச் செய்தாயா?" என்று பிடித்துக் கேட்கலாம். திட்டமே இல்லாத தனி ஆளை எதைக் காட்டிக் கேட்பது?

மேற்கு வங்கத்தில் 1978ல் பஞ்சாயத்துத் தேர்தல் கட்சி அடிப்படையில் நடந்தது. அந்தப் பஞ்சாயத்துகளும் விவசாயிகள் சங்கமும் துணை நிற்க, சுமார் 14 லட்சம் வாரச் சாகுபடியாளர்களின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது. அதே மக்கள் 2011ல் இடது முன்னணியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். நமக்குக் கசப்புத்தான். ஆனால் யாரிடம் கணக்குத் தீர்ப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, கிராம ஊராட்சித் தேர்தலிலும் கட்சிச் சின்னம் வேண்டும்! சட்டம் மாறும் வரை நாம் சும்மா இருக்கப் போவதில்லை. பதவி ஏலத்தை எதிர்ப்போம். வாக்குக் கேட்டு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, "கூலியில் நீ எந்தப் பக்கம்? புறம்போக்கு மனையில் எந்தப் பக்கம்?" என்று கேட்போம்.

பண்ணையார் தம் கட்சியை ஒளித்து வைக்கட்டும். நமது செங்கொடியை ஒளிக்க நமக்கு அவசியமில்லை!