அத்தைக்கு பாத்டப் வேண்டாம்!

தீபாவளிக்கு மறுநாள் காலையில் என் மாமியாரின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, தூக்கத்துல கை மடங்கிடுச்சு" என்றார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர்தான், "எங்கே விழுந்தீங்க பாட்டி?" என்று நேராகக் கேட்டார். அப்புறம்தான் விஷயமே வெளியே வந்தது. எண்ணெய்க் குளியல் முடித்து எழுந்தவர் பாத்ரூமில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். பண்டிகை நாளில் எல்லோரையும் கலவரப்படுத்துவானேன் என்று ஒரு பகலும் ஓர் இரவும் வலியைப் பொறுத்துக்கொண்டு பலகாரத் தட்டை நீட்டியிருக்கிறார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்தத் தரையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எட்டு வருஷம் முன்னால் டைல்ஸ் கடையில், விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. "பாத்ரூமே பெருசா தெரியும் மேடம்" என்றார் கடைக்காரர். தெரிந்தது, உண்மைதான். ஆனால், ஈரக்காலோடு யாராவது அதில் நிற்பார்களே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அத்தை கட்டுப்போட்ட கையோடு ஹாலில் உட்கார்ந்திருக்க, ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் வீடியோ காலில் வந்து, "அண்ணி, அம்மாவுக்கு ஒரு பாத்டப் போட்டுடுங்க. பணம் நான் அனுப்பறேன். உட்கார்ந்த இடத்துலயே குளிக்கலாம், விழவே மாட்டாங்க" என்றார். பாசத்தில் சொன்னதுதான். அதனால் மறுக்காமல் நாலு கடை ஏறி இறங்கினேன். வேண்டாம் என்ற முடிவோடு திரும்பினேன் என்றாலும், தெரிந்துகொண்டது நிறைய.

முதல் சிக்கல் உயரம். சாதாரண பாத்டப்பின் விளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மூட்டு வலிக்காரர் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைத் தூக்கி, ஈரமான இடத்துக்குள் வைக்க வேண்டும். வெளியே வரும்போது இன்னும் மோசம். அடுத்தது எடை. நிரம்பிய தொட்டியில் 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆளையும் தொட்டியையும் சேர்த்தால் 250, 300 கிலோ, அதுவும் 12, 13 சதுர அடிக்குள். நம் நாட்டு விதிப்படி வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு 200 கிலோ உபயோக பாரம் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. தொட்டி வைத்ததும் தளம் இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. மாடி வீட்டில் வைப்பதற்கு முன் இன்ஜினீயரைக் கேட்காமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மூன்றாவது, சித்திரை மாதம் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு குளியலுக்கு 150 லிட்டரா? அத்தை இரண்டு பக்கெட்டில் தலைக்கே குளித்துவிடுவார்.

இருந்தாலும் தொட்டியோ, ஷவருக்குக் கீழே பதிக்கும் ஷவர் ட்ரேயோ வாங்கியே தீருவது என்று இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடைகளில் அதிகம் இருப்பது அக்ரிலிக். எடை குறைவு, தொட்டால் ஜில்லென்று இருக்காது, சின்னக் கீறல்களை பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் அது அடிப்படையில் பிளாஸ்டிக். கொதிக்கக் கொதிக்க இறக்கிய வெந்நீர் அண்டாவை அதன்மேல் வைத்தால் தடம் விழும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பட்டால் மேற்பரப்பு கெட்டுவிடும். நாம் குளிக்கும் இடத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணியும் துவைப்போமே, அந்த ஸ்டூலின் நாலு கால்களும் நாலு இடத்தில் அழுத்தும். அடியில் கலவை நிரப்பி முழுசாகத் தாங்கல் கொடுக்காத ட்ரே அங்கே தளர்ந்து, நாளாவட்டத்தில் விரிசல் விடும். கடையில் ட்ரேயின் மேல்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் ஃபைபர் கிளாஸ் பூச்சு தடிமனாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

எனாமல் பூசிய இரும்பு வகை இருக்கிறது. இரும்பின்மேல் கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டவைத்த பூச்சு அது. எளிதில் கீறல் விழாது, மஞ்சளோ தலைக்கு அடிக்கும் டையோ சட்டென்று ஊறாது. பித்தளைச் சொம்பு கை நழுவி விழுந்தால் மட்டும் பூச்சு சில்லாகப் பெயரும், பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். வார்ப்பிரும்புத் தொட்டி தலைமுறைக்கும் உழைக்கும். வெறும் தொட்டியே 100 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடி வீட்டுக்காரர்கள் அதை மறந்துவிடலாம். கல் தூளும் ரெசினும் கலந்து வார்த்த ட்ரேக்கள் எனக்கு ரொம்பப் பிடித்தன. சொரசொரப்பாக, கால் வைத்தால் அசையாமல், கல் மாதிரியே இருந்தன. விலைச்சீட்டைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் விளிம்பே இல்லாத தரைதான் என்று முடிவு. தடுக்கிவிட ஒன்றும் இருக்காது, பின்னால் சக்கர நாற்காலி வந்தாலும் நேராக உள்ளே போகலாம். சரி, தரையில் எதைப் போடுவது?

இங்கேதான் நான் உருப்படியாக ஒன்று கற்றுக்கொண்டேன். வழுக்காத டைல்ஸ் கேட்டால் ஆர்-10, ஆர்-11 என்று கடையில் ஓர் எண் சொல்வார்கள். ஜெர்மன் தரப் பரிசோதனை எண் அது. டைல்ஸ் பதித்த மேடையில் எண்ணெயை ஊற்றி, ஷூ போட்ட ஒருவரை நடக்கவிட்டு, மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். எந்தச் சாய்வில் அவர் தடுமாறுகிறார் என்பதை வைத்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் பிரிப்பார்கள். ஒர்க் ஷாப்புக்கும் ஹோட்டல் சமையலறைக்கும் அது சரி. பாத்ரூமில் ஷூ போட்டு நிற்பவர் யார்? வெறுங்காலுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது, சோப்புத் தண்ணீரில் செய்வது. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள். ஏ வகுப்புக்கு 12 டிகிரி சாய்வு தாங்கினால் போதும், பி வகுப்புக்கு 18, சி வகுப்புக்கு 24. குளிக்கும் இடத்துக்கு பி வகுப்பாவது வேண்டும். நான் போன மூன்று கடைகளில் இதைக் கேட்டதும் விழித்தார்கள். நாலாவது கடையில் கம்பெனி கேட்லாக்கைப் புரட்டி எடுத்துக் காட்டினார்கள்.

நம் வீட்டில் எண்ணெய், சோப்பு, வெறுங்கால் மூன்றும் ஒரே நாளில் சேரும் என்பது அந்த ஜெர்மன்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை! அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு சாம்பிள் டைல்ஸை வீட்டுக்கு வாங்கி வந்தேன். பால்கனியில் வைத்து நல்லெண்ணெய் தடவி, சீயக்காய்க் கரைசலையும் ஊற்றினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர்தான் ஏறி நின்றார். பளபளப்பு டைல்ஸில் கட்டை விரலை ஊன்றியும் நிற்க முடியவில்லை. மேட் ஃபினிஷில் நின்றார்.

கடப்பா கல் போடலாமே, அந்தக் காலத்தில் கிணற்றடியில் அதுதானே என்று அத்தை கேட்டார். சொரசொரப்பாக விட்ட கடப்பா நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல். எங்கள் போர் தண்ணீரில் ஒரே மாதத்தில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் படிவோடு கல்லும் அரிக்கும். கோட்டா கல், மார்பிள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எலுமிச்சம்பழம்கூட மார்பிளில் தடம் விடும். உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் கல்லின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், படிவை எதைக் கொண்டு தேய்க்கப்போகிறோம் என்று யோசிப்பது நல்லது. இன்னொன்று, ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடவே போடாதீர்கள். குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஆக, வாங்கியது மேட் ஃபினிஷ் விட்ரிஃபைட், ஓரடிக்கு ஓரடி. இரண்டடிக்கு இரண்டடிதான் ஃபேஷன் என்றார் மேஸ்திரி. பெரிய டைல்ஸை வடிகால் பக்கம் நாலு புறமும் சரித்துப் பதிப்பது கஷ்டம், தண்ணீர் மூலையில் தேங்கிவிடும். சின்ன டைல்ஸ் என்றால் இணைப்புக் கோடுகள் அதிகம், காலுக்கும் பிடி கிடைக்கும். அந்தக் கோடுகளில் சிமென்ட்டுக்குப் பதில் எபாக்ஸி அடைக்கச் சொன்னேன். செலவு கூடுதல்தான். மஞ்சள் கறையும் சோப்பு அழுக்கும் உள்ளே ஊறாது. நான்கடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்தோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வாட்டர் புரூஃபிங் செய்த தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்து, கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேஸ்திரிக்கு அந்த இரண்டு நாள் சும்மா இருந்ததில் கோபம். மீந்த டைல்ஸில் ஆறை பரணில் ஏற்றிவைத்திருக்கிறேன். அதே ஷேடு அடுத்த வருஷம் கேட்டால் கிடைக்காது.

கொழுந்தனார் அனுப்பிய பணத்தில் 304 கிரேடு ஸ்டீலில் இரண்டு கைப்பிடிகள் வாங்கினோம். டைல்ஸோடு நிறுத்தாமல், செங்கல் சுவர் வரை துளைத்து போல்ட் முடுக்கச் சொன்னேன். ஒன்று அத்தையின் ஸ்டூலுக்குப் பக்கத்தில், இன்னொன்று கதவோரம்.

கட்டுப் பிரித்த வாரம் அத்தை முதல் எண்ணெய்க் குளியல் எடுத்தார். நான் வெளியே கதவருகிலேயே நின்றிருந்தேன். "தரை ஒரே சொரசொரன்னு இருக்கு, உள்ளங்கால் தேஞ்சுடும்போல" என்று முனகியபடி வந்தார். எட்டிப் பார்த்தேன். கதவோரக் கைப்பிடியில் அவருடைய துண்டும் உள்பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்ததில் மட்டும் ஐந்து விரல் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு.